பிழையற்ற வாய்

பேச்சை இழந்தவர்களுக்கு அதைத் திரும்பப் பெற்றுத் தருவதற்காக நிறுவப்பட்ட அந்த உயர்மையத்தின் கூடத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று பெரிய பலகை ஒன்று தொங்கியது. காத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பலகை தேவைப்படவில்லை. அவர்களை அழைத்து வந்தவர்கள்தான் அவ்வப்போது குசுகுசுத்தார்கள். உடனே ஓர் ஊழியர் வந்து பலகையை விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பஸ் கண்டக்டர். வாயை வைத்துப் பிழைத்தவர். பின்படியில் நின்று “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல ஒரு ஊரே குடியிருக்கலாம்” என்று குரல் கொடுத்தால், முன் இருக்கையில் தூங்குகிறவர்கூட எழுந்து உள்ளே போகப் பார்ப்பார். வீட்டிலும் அதே குரல்தான். சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே “உள்ள போங்க” என்பார். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தெருமுனை திரும்பும்போதே “டைலரம்மா” என்று தொடங்கிவிடுவார். “என்னைத் தெருவுக்கே ஏலம் விடறீங்க” என்று அவள் சலித்துக்கொள்வாள்.

ஒருநாள் காலை நெரிசலில் டிக்கெட் கேட்ட பயணியிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சில்லறை இல்லை என்பதற்காகத்தான் இப்படி முறைக்கிறார் என்று அந்தப் பயணி நினைத்திருக்கிறார். கண்டக்டர் கம்பியைப் பிடித்தபடியே சரிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு விஷயம் புரிந்தது.

மருத்துவமனையில் கால் திரும்பி வந்தது. வலது கை அரைகுறையாக வந்தது. பேச்சு வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மனைவியிடம் சொன்னார்: “முதல் சில மாசம்தான்மா முக்கியம். இப்ப ஈரச் சிமென்ட் மாதிரி. காஞ்சிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. தப்போ சரியோ, பேச வச்சுக்கிட்டே இருங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நல்ல மனிதர். உயர்மையத்துக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதுநிலைப் பயிற்றுநரின் அறை குளிர்ச்சியாக இருந்தது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கண்டக்டரைப் பற்றிய கேள்விகளைக் கண்டக்டரின் மனைவியிடம் கேட்டார். பிறகு உதவியாளரைக் கூப்பிடுவதற்காக மேசை மணியை இரண்டு முறை அடித்தார்.

டிங், டிங்.

“ரைட்” என்றார் கண்டக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கண்டக்டரே திடுக்கிட்டுத் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“உக்காருங்கம்மா. சந்தோஷப்படாதீங்க” என்றார் பயிற்றுநர். “இதைத்தான் நாங்க கட்டுப்பாடற்ற ஒலின்னு சொல்றோம். நல்ல பேச்சுக்கு முதல் எதிரியே இதுதான்.”

“ஆனா சொன்னாரே சார். தெளிவாச் சொன்னாரே.”

“சொன்னார். எப்படிச் சொன்னார்னு அவருக்குத் தெரியுமா? நாக்கு எங்க போச்சு, காத்து எங்க தடைபட்டுச்சுன்னு கேளுங்க, சொல்லட்டும்.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் பயிற்றுநரைப் பார்த்தார்.

“பாத்தீங்களா” என்றார் பயிற்றுநர். “தெரியாம செய்யறது பழக்கம். தெரிஞ்சு செய்யறதுதான் பயிற்சி. இவர் இஷ்டத்துக்குப் பேசிப் பழகிட்டார்னா, தப்பு வேர் விட்டுடும். அப்புறம் அதைப் பிடுங்கவே எங்களுக்கு நேரம் சரியாப் போயிடும். அதனால முதல்ல கோட்பாட்டு நிலை. அது முடியற வரைக்கும் வாயிலிருந்து ஒரு சத்தம் வரக்கூடாது. இங்க நாங்க பாத்துக்கறோம். வீட்டுக்கு நீங்க பொறுப்பு.”

“பேச வச்சுக்கிட்டே இருங்கன்னு டாக்டர் சொன்னாரே சார்?”

“அவர் மருத்துவர்மா. நாக்கைப் பாத்திருப்பார். பேச்சைப் பாத்திருக்க மாட்டார்.”

அந்த வாக்கியம் அவளுக்குப் புரியவில்லை. புரியாததாலேயே அதில் பெரிய விஷயம் ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்றியது. கண்டக்டரின் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டினார்கள். அவளுக்கு ‘இல்லக் கண்காணிப்பாளர்’ என்று பொறித்த வில்லை கொடுத்தார்கள். அவர் ஏதாவது சத்தம் எழுப்பப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பயிற்றுநர் செய்து காட்டினார். தன் உதட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, தலையை மெல்ல இருபுறமும் ஆட்டினார். உயர்மையத்தில் அவள் பார்த்த முதல் செய்முறை விளக்கம் அதுதான்.

வகுப்புகள் தொடங்கின. நோயாளிகள் முன்வரிசைகளிலும் வீட்டார் பின்வரிசைகளிலும் உட்கார்ந்தார்கள். பேச்சின் வரலாறு, பேச்சின் இலக்கணம், மௌனத்தின் வகைகள் என்று பாடம் போனது. மேடையில் பிளாஸ்டரில் செய்த பெரிய வாய் ஒன்று இருந்தது. பல்லையும் நாக்கையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். நாக்கு இயங்கும் விதத்தை விளக்க வேண்டிய வாரத்தில் அந்த நாக்கு காணாமல் போயிற்று. யாரோ தூசி தட்டக் கழற்றி எங்கோ வைத்துவிட்டார்கள். புது நாக்கு வரும் வரை வகுப்பை ஒத்திவைத்தார்கள். கூடத்தில் அத்தனை பேர் நாக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒன்றை நீட்டச் சொல்லிப் பாடம் நடத்தலாமே என்று கண்டக்டரின் மனைவி கேட்டாள்.

“உயிருள்ள நாக்கு நிலையா இருக்காதும்மா. மாணவர்களுக்குக் குழப்பமாயிடும்” என்றார் பயிற்றுநர்.

புது நாக்கு வந்தபோது அளவு சிறியதாக இருந்தது. பழைய வாய்க்குள் அது லொடலொடவென்று ஆடியது. ஆனாலும் பாடம் நடந்தது.

ஒருநாள் இயக்குநரே சிறப்புரை ஆற்ற வந்தார். அடர்ந்த வெள்ளைத் தலை, இனிமையான குரல். பேச்சாற்றலுக்காகவே பல மேடைகளில் பாராட்டப்பட்டவர் என்று அறிமுகம் செய்தார்கள்.

“நான் இந்தத் துறையில தலை நரைச்சவன்” என்று ஆரம்பித்தார். “இதுவரைக்கும் ஒரு நோயாளிக்குக்கூட நான் நேரடியாப் பயிற்சி கொடுத்ததில்ல. இதைப் பெருமையாவே சொல்றேன். கொடுத்திருந்தா என் கவனமெல்லாம் அந்த ஒருத்தர் பேசறாரா இல்லையாங்கறதுலயே நின்னு போயிருக்கும். பேச்சுங்கற மாபெரும் விஷயத்தை அப்புறம் யார் கவனிக்கறது? சிலர் கேக்கறாங்க, இங்க வந்து எத்தனை பேர் பேசினாங்கன்னு. அது கடைக்காரன் கேள்வி. ஏன் பேசலங்கறதை எத்தனை பேர் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு கேளுங்க. அதுதான் கல்வி.”

கடைசியில், “கேள்விகள் இருந்தா கேக்கலாம்” என்று கூடத்தைப் பார்த்தார். முன்வரிசைகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிறைவோடு சிரித்தார். “ஒரு கேள்விகூட இல்லாத அளவுக்குத் தெளிவாயிருக்கு. நன்றி.”

கண்டக்டரோடு பல வருஷம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். கதவருகிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“என்ன மாப்ள, டிக்கெட் எடுக்காம உக்காந்திருக்க? செக்கிங் வந்தா மாட்டுவ. ஒன்னோட எடத்துக்கு ஒருத்தன் வந்திருக்கான் பாரு, வாயில கொழுக்கட்டையா இருக்குன்னு கேக்கணும். அவன் ரைட்டுன்னு சொல்றானா, தும்மறானான்னே தெரியல. நான் தும்மலுக்கெல்லாம் வண்டியை எடுத்துக்கிட்டிருக்கேன்.”

கண்டக்டர் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. டிரைவர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தையும் சொன்னார். தன் மச்சான் ஒருவனுக்குக் காது அடைத்தபோது பக்கத்தில் போய்க் கத்தினார்களாம், திறந்துகொண்டதாம். வாய்க்கும் அப்படித்தான் இருக்கும் என்று கண்டக்டரின் காதருகே குனிந்து “போலாம் ரைட்” என்று அலறினார். தையல் மெஷின் மேலிருந்த நூல்கண்டு உருண்டு விழுந்தது.

கண்டக்டரின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. “போ... போ...” என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். இடது கை அவளை நோக்கி நீண்டது. உதடு பல தடவை கூடிப் பிரிந்தது. “டை...” என்றார். “டை...”

அவள் கை நெஞ்சுக்குப் போனது. ஒரு கணம்தான். பிறகு அந்தக் கை மேலே வந்தது. விரல் உதட்டில் நின்றது. தலை மெல்ல இருபுறமும் ஆடியது.

“வேணாங்க. தப்பாப் பதிஞ்சிடும்.”

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம்மா தங்கச்சி, ஒன்னைத்தான்மா கூப்பிடறான்.”

“தெரியும்ணா. ஆனா அந்த ஒலி இன்னும் பாடத்துல வரல. நாக்கு மேலண்ணத்துல எந்த எடத்துல தொடணும்னு தெரியாம தொட்டா, அப்புறம் அந்த எடத்தையே தேடிக்கிட்டு இருக்குமாம்.”

“யாரு, நாக்கா?”

“ஆமா.”

“அது வாய்க்குள்ளதானே இருக்கு, வேற எங்க போயிடும்?”

அவள் பதில் வைத்திருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் மனப்பாடமாகியிருந்தது. தாடை, அண்ணம், காற்று, தடை என்று அவள் விளக்கிக்கொண்டே போக, டிரைவர் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோரை அழைத்து வரச் சொன்ன பையன் மாதிரி தலை குனிந்து கேட்டார். கண்டக்டர் நீட்டிய கையை மடியில் திரும்ப வைத்துக்கொண்டார். டிரைவர் புறப்படும்போது, “நான் படிக்காதவன்மா. பெரிய எடத்துல சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

கோட்பாட்டு நிலையின் முடிவில் தேர்வு வந்தது. வாய்மொழித் தேர்வு.

“எழுதற தேர்வு இல்லையா சார்?” என்று அவள் கேட்டாள்.

“பேச்சு பத்தின படிப்பும்மா இது. எழுதச் சொன்னா எங்களைப் பாத்து உலகம் சிரிக்கும்” என்றார் பயிற்றுநர்.

தேர்வாளர்கள் நீண்ட மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். “பேச்சு எங்கே பிறக்கிறது?” என்று கேட்டார்கள். கண்டக்டர் வாயைத் திறந்தார், மூடினார். மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார். பேசலாமா கூடாதா என்று அவருக்குச் சந்தேகம். கடைசியில் இடது கையைத் தூக்கித் தொண்டையில் வைத்தார்.

“விடை சரி” என்றார் ஒரு தேர்வாளர். “ஆனால் விடையளிக்கவில்லை” என்றார் இன்னொருவர். சைகையை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு எல்லாரும் சைகையிலேயே பேசிவிட்டுப் போய்விடுவார்கள் என்று மூன்றாமவர் கவலைப்பட்டார். கண்டக்டர் தேறவில்லை.

அவள் அழுதாள். அழுகிறவர்களை அந்த அறையில் அதிகம் பார்த்திராத தேர்வாளர்கள் விதிகளைப் புரட்டினார்கள். நோயாளியால் இயலாதபோது இல்லக் கண்காணிப்பாளர் பதிலாளாகத் தேர்வுக்கு உட்காரலாம் என்று ஒரு விதி இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கேட்காததற்கும் சொன்னாள். சிறு நாக்கு வந்த பிறகு பாடத்தில் ஏற்பட்ட திருத்தத்தைக்கூடச் சொன்னாள். தேர்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியொரு மாணவரைப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று என்றார்கள். முதல் தரத்தில் தேறினாள்.

“அப்ப நாளையிலிருந்து அவர் பேசலாமா சார்?”

பயிற்றுநர் கண்ணாடியைக் கழற்றினார். “தேறினது நீங்கம்மா. செய்முறை நிலைக்குத் தேறினவங்கதான் போக முடியும். விதியை நீங்களே பாத்தீங்களே.”

செய்முறை அறை மாடியில் இருந்தது. சாவி கிடைக்க நேரமாயிற்று. உள்ளே ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, உறை பிரிக்காத ஒலிவாங்கி. பொறுப்பாளரான இளநிலைப் பயிற்றுநர் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்திருந்த பெண். கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னாள்.

“அக்கா, உங்ககிட்ட மறைக்கல. நான் இதுவரைக்கும் நிஜமா யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்ல. இந்த அறைக்கு யாரும் வந்ததுமில்ல. நீங்க பேசறவங்களா இருக்கறது எனக்கு ரொம்ப நிம்மதி.”

“எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரட்டுமாம்மா? வெளியிலதான் உக்காந்திருக்கார்.”

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. “வேணாங்க்கா. பேச வராதவங்க எதிர்ல உக்காந்தா என்ன செய்யணும்னு எங்களுக்கும் இன்னும் சொல்லித் தரல.”

அதன்பின் வாரந்தோறும் அவள் கண்ணாடி முன் உட்கார்ந்து ‘அ’ சொன்னாள், ‘ஆ’ சொன்னாள். காற்றை எங்கே தடுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று பழகினாள். அவளுடைய ‘ர’ இன்னும் சற்றுத் துலக்கமாகலாம் என்று சொன்னார்கள், துலக்கமாயிற்று. மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் கண்டக்டர் மஞ்சள் பட்டையோடு உட்கார்ந்து தன் மனைவி பேசக் கற்றுக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே வரவேற்பு மேசையில் யாரோ மணியை இரண்டு முறை அடித்தால், முதலிலெல்லாம் அவர் உதடு துடிக்கும். பிறகு துடிக்கும் முன்பே அவர் விரல் உதட்டுக்குப் போனது. பிறகு விரலும் போகவில்லை. மணி அடித்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அவர் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். “ஏதாவது பேசறாரா?”

“பாடமெல்லாம் முடிஞ்சிடுச்சு டாக்டர். நான் நல்லா வந்துட்டேன்.”

டாக்டர் விளக்கை அணைத்தார். “பரவால்ல. இனிமே தானா வந்தா வரட்டும்” என்று சொல்லி ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் தொடரச் சொன்னார். ஈரச் சிமென்டைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

உயர்மையத்தின் ஆண்டு விழாவில் கண்டக்டருக்குக் கேடயம் கொடுத்தார்கள். இயக்குநர் அவர் தோளில் கை போட்டு மேடையின் நடுவுக்கு அழைத்து வந்தார்.

“எங்க முறைக்கு உயிருள்ள சாட்சி இவர். இங்க சேர்ந்த நாள்லேயிருந்து இன்னைக்கு வரைக்கும் இவர் வாயிலிருந்து ஒரு பிழைகூட வரல. ஒரு தப்பான உச்சரிப்பு, ஒரு திக்கல், ஒரு குளறல் கிடையாது. நல்லாப் பேசறவங்கன்னு நம்மைச் சொல்லிக்கறோம். நம்மில் யாராவது இப்படிச் சொல்லிக்க முடியுமா?”

கைதட்டல் அடங்கியதும் அவர் இன்னொரு செய்தியும் சொன்னார். பேச்சிழந்தவர்களை முதல் நாளிலிருந்தே, தப்பும் தவறுமாகவேனும், பேசிப் பழக விட வேண்டும் என்று புதிய ஆய்வுகள் கூறுகின்றனவாம். உயர்மையம் எப்போதுமே புதுமைக்குத் திறந்திருப்பதால் அதை உடனே ஏற்றுக்கொள்கிறது. செய்முறையின் அவசியம் குறித்து விரிவுரை நிகழ்த்தத் தனித் துறையே தொடங்கப்படும். மௌனக் கட்டுப்பாடு இன்றோடு நீங்குகிறது. மேடையிலேயே கத்தரிக்கோல் வரவழைத்துக் கண்டக்டரின் மஞ்சள் பட்டையை வெட்டினார். கூட்டம் மறுபடி கைதட்டியது. கண்டக்டர் பட்டை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

“இனி நீங்க தாராளமாப் பேசலாம்” என்ற இயக்குநர், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பரிசுக்குப் போனார்.

வெளியே நிறுத்தத்தில் பழைய வண்டி வந்து நின்றது. அதே டிரைவர். கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்டக்டர் முன்னால் உட்கார, பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். மௌனம் நீங்கியதை அவள் சொன்னதும் டிரைவர் இருக்கையில் நிமிர்ந்தார். பின்னால் திரும்பிப் புதுக் கண்டக்டரிடம் கத்தினார்.

“தம்பி, இந்த ஸ்டாப்புல நீ வாயத் தெறக்காத. மணிய மட்டும் ரெண்டு தட்டு தட்டிட்டுச் சும்மா இரு. சொல்றவன் சொல்லுவான்.”

ஏறுகிறவர்கள் ஏறி முடித்தார்கள். மணி அடித்தது.

டிங், டிங்.

டிரைவர் கியரில் கை வைத்தபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க” என்றாள் அவள். “இப்ப சொல்லலாமாம். தப்பா வந்தாலும் பரவால்லயாம்.”

மணி மறுபடி அடித்தது. பின்னாலிருந்து ஒருவர், “என்னய்யா, வண்டியை எடுக்கற எண்ணம் இருக்கா, இல்ல நாங்க எறங்கித் தள்ளணுமா?” என்றார். வேறு யாரோ சிரித்தார்கள்.

“என்னங்க. ஒரே ஒரு வார்த்தைதாங்க. முன்னாடி வந்துச்சே. நான்தானே வேணாம்னேன்.” அவள் அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். “இல்லன்னா என்னைக் கூப்பிடுங்க. டைலரம்மான்னு. பாதி சொன்னாக்கூடப் போதும்.”

கண்டக்டர் அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பாடத்தில் தவறிய ஒருவரைத் திருத்துகிறவரைப் போல் பொறுமையாக இடது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்தார். தலையை மெல்ல இருபுறமும் ஆட்டினார்.

பின்னால் சத்தம் வலுத்தது. டிரைவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துச் சாலையைப் பார்த்தார். ஆனாலும் வண்டியை எடுக்கவில்லை. யாராவது சொல்லாமல் எடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“ரைட்” என்றாள்.

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. பஸ் கிளம்பியது.